ரோலண்ட் விபி-330: வாங்குமுன் கேட்க வேண்டியது, திறந்தால் பார்க்க வேண்டியது

இந்தக் கருவியின் முழுப் பெயர் விபி-330 வோக்கோடர் பிளஸ். பெயரில் முன்னால் நிற்பது வோக்கோடர், அதாவது பேச்சின் வடிவத்தை வாத்திய நாதத்தில் ஏற்றும் கருவி. இன்று கேட்கும் விலையை நியாயப்படுத்துவதோ பின்னால் ஒட்டியிருக்கும் அந்த 'பிளஸ்'. பேசும் இயந்திரக் குரலுக்காக மட்டும் இதைத் தேடிப் போனால் ஏமாற்றம் வரலாம். கூட்டுக்குரலுக்காகப் போனால் இதற்கு ஈடு இன்னொன்று சொல்வது கடினம்.

1979-ல் ரோலண்ட் வெளியிட்ட அனலாக் கீபோர்டு இது. 49 கட்டைகள், அதாவது 4 ஸ்தாயி. உள்ளே மூன்று பிரிவுகள்: வோக்கோடர், ஹியூமன் வாய்ஸ் (கூட்டுக்குரல்), ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டம் போன்ற ஒலி). ஒவ்வொன்றையும் கீபோர்டின் கீழ்ப்பாதிக்கோ மேல்பாதிக்கோ தனித்தனியே திறக்கலாம், மூடலாம். ஒலிகளைச் சேமித்துவைக்க நினைவகம் கிடையாது, மின் வாத்தியங்களையும் கணினியையும் இணைக்கும் மிடி கிடையாது, கட்டையை அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்குவதும் கிடையாது. மிடி என்ற ஏற்பாடே 1983-ல்தான் வந்தது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் கணினியோடு இணைத்து வாசிக்க நினைப்பவர் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒலி எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்தால் இதன் நிறைகுறை இரண்டும் புரியும். மினிமூக் போன்ற சிந்தசைசரில் ஒலியலையை எழுப்பும் ஆசிலேட்டர்கள் தனித்தனியே சுற்றும். சூடேறினால் ஒன்றுக்கொன்று சுருதி விலகும். விபி-330-ல் அந்தப் பேச்சே இல்லை. மிக அதிக வேகத்தில் ஓடும் ஒரே ஒரு தலைமைக் கடிகாரச் சுற்று இருக்கிறது. அதை ஒரு சிப் 12 விதமாக வகுத்து மேல் ஸ்தாயியின் 12 சுரங்களை உண்டாக்குகிறது. அவற்றை இரண்டால் வகுத்தால் அடுத்த கீழ் ஸ்தாயி, மறுபடி இரண்டால் வகுத்தால் அதற்கும் கீழே. எனவே 49 கட்டைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினாலும் 49-ம் ஒலிக்கும். சுரங்களுக்கு இடையே சுருதி பிசகவும் வழியில்லை. முழுக் கருவிக்கும் ஒரே ட்யூனிங் குமிழ் போதும். தம்புராவுக்கோ வேறு வாத்தியத்துக்கோ சேர்ப்பது ஒரு நொடி வேலை.

இந்தக் கட்டுக்கோப்புக்கு ஒரு விலை உண்டு. கீழ் ஸ்தாயி 'ஸ'வும் மேல் ஸ்தாயி 'ஸ'வும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் இரண்டும் இம்மி பிசகாமல் பூட்டிக்கொண்டு நிற்கும். நான்கு வயலின்காரர்கள் ஒரே சுரத்தை வாசிக்கும்போது எழும் அந்தச் சிறு அலைவு இங்கே பிறக்காது. ஒலி தட்டையாக, மலிவான ஆர்கன் போல இருக்கும். அதை உயிர்ப்பிப்பதுதான் என்செம்பிள் சுற்று. பிபிடி என்ற வகை சிப்பில் ஒலி, கிணற்றங்கரையில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல, மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே தாமதமாகிறது. கைமாற்றும் வேகத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் சுருதியும் இழையளவு ஏறி இறங்கும். இப்படிப் பல தாமத வரிகள் வெவ்வேறு கட்டத்தில் அசைந்து ஒன்றுசேரும்போது ஒரு சுரம் ஒரு கூட்டமாகிறது. ஸ்ட்ரிங்ஸ் பிரிவு இதன் வழியாகத்தான் வெளியே வரும். மற்ற இரண்டுக்கும் என்செம்பிள் சுவிட்ச் தனியாக உண்டு. ஹியூமன் வாய்ஸில் அதை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கருவியின் பாதி மதிப்பு அந்தச் சுற்றில் இருப்பது காதுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு வெளியீடுகள் வழியாக ஸ்டீரியோவாக எடுப்பது அவசியம். ஒற்றை வெளியீட்டில் எடுத்தால் தாமத வரிகள் ஒன்றோடொன்று கலந்து, சில அதிர்வெண்கள் அடிபட்டுப்போய், ஒலி சுருங்கிவிடும். கடையில் ஒரே ஒரு ஆம்ப்பில் கேட்டுவிட்டு இதை வேண்டாம் என்று ஒதுக்கினால் அது கருவிக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது ஹியூமன் வாய்ஸ். கீழ்ப்பாதிக்கு ஆண்குரல் 8 அடி, ஆண்குரல் 4 அடி. மேல்பாதிக்கு ஆண்குரல் 8 அடி, பெண்குரல் 4 அடி. அடிக்கணக்கு பைப் ஆர்கனிலிருந்து வந்தது: 8 அடி என்றால் எழுதிய சுரம், 4 அடி என்றால் அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. நம் வாயும் தொண்டையும் ஒரு உயிரொலியைச் சொல்லும்போது சில அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். 'ஆ'வுக்கு ஒரு இடம், 'ஊ'வுக்கு வேறு இடம். அப்படித் தூக்கிய இடங்கள்தான் குரலின் முகடுகள். விபி-330 அவற்றை நிலையான ஃபில்டர்களாக (வடிகட்டிகளாக) அமைத்திருக்கிறது. கட்டை எது மாறினாலும் ஃபில்டர் நகராது. இந்த ஒரு விஷயம்தான் முக்கியம். பதிவுசெய்த குரலை வைத்து வாசிக்கும் சாம்ப்ளர்களில், ஒரே பதிவை மேலே இழுத்தால் சுருதியோடு குரல்வாயின் முகடுகளும் சேர்ந்து ஏறும். குரல் சிறுபிள்ளை போலக் கீச்சிடும். கீழே இழுத்தால் ராட்சசக் குரல். இங்கே அந்தக் கோளாறே இல்லை. கீழிருந்து மேல்வரை ஒரே கூட்டம் ஒரே வாயால் பாடுகிறது.

உண்மையான கோரஸ் என்று யாரும் ஏமாற மாட்டார்கள். வல்லின மெல்லினம் இல்லை, மூச்சு இல்லை, சொல் இல்லை. சாம்ப்ளர் கோரஸில் பதிவு ஓரிடத்தில் சுற்றித் திரும்பிவருவது நீண்ட நாதத்தில் தெரிந்துவிடும். இதில் சுற்றும் பதிவே இல்லாததால் ஐந்து நிமிடம் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தாலும் சலிக்காது. கிரேக்க இசையமைப்பாளர் வாஞ்செலிஸ் இதைத் தன் வாத்தியக் கூட்டத்தில் வைத்திருந்தது ஏன் என்று அந்த நீண்ட நாதத்தைக் கேட்டால் புரியும்.

தொடங்க ஒரு அமைப்பு: கீழ்ப்பாதியில் ஆண்குரல் 8 அடி மட்டும். மேல்பாதியில் ஆண்குரல் 8 அடியும் பெண்குரல் 4 அடியும். என்செம்பிள் திறந்திருக்கட்டும், குரல் மெதுவாக எழும்பட்டும். வைப்ரேட்டோவின் (சுருதியின் மெல்லிய அசைவின்) ஆழத்தைக் கால்பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதன் தாமதத்தைக் கூட்டி, சுரம் நிலைத்த பிறகே அசைவு தொடங்கும்படி வையுங்கள். ஸ்ட்ரிங்ஸைக் குரலுக்குக் கீழே மெல்லிய அளவில் சேருங்கள், தனியாகக் காதில் விழக்கூடாது, எடுத்தால் மட்டும் இல்லாமை தெரிய வேண்டும். இடதுகையில் 'ஸ-ப' இரண்டே சுரம், வலதுகையில் மூன்று. கீழ்ப்பாதியில் நெருக்கமாக நான்கு சுரம் அடுக்கினால் சேறாகிவிடும். எல்லாச் சுரமும் ஒரே ஃபில்டருக்குள் நுழைவதால் கீழே இடைவெளி விட்டு வாசிப்பது இந்தக் கருவியில் விதி.

வோக்கோடர் பிரிவில் 10 பேண்டுகள். மைக்கில் வரும் பேச்சைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை 10 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அளக்கிறது. கீபோர்டின் நாதத்தையும் அதே 10 துண்டாகப் பிரித்து, அளந்த பலத்துக்கு ஏற்ப ஒவ்வொரு துண்டின் கதவையும் திறந்து மூடுகிறது. வாய் சொல்லைத் தருகிறது, கட்டை சுரத்தைத் தருகிறது. நீங்கள் பாடும் சுருதி ஒரு பொருட்டே அல்ல. ஒரே தொனியில் பேசினாலும் போதும். இந்த உத்திக்கு மூலம் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹோமர் டட்லி 1930-களில் செய்த வேலை. அது தொலைபேசிக்காகப் பிறந்தது, இசைக்காக அல்ல.

10 பேண்டு என்பது குறைவு. 1978-ல் வந்த கோர்க் விசி-10-ல் 20 இருந்தது. ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. விசி-10 தெளிவாகப் பேசும். விபி-330 அழகாகப் பாடும். பேண்டுகள் அகலமாக இருப்பதால் ஒலி நொறுங்காமல் தேன் போல ஒழுகுகிறது. அதே என்செம்பிள் வழியாகவும் அதை அனுப்ப முடிவதால் குரல் கரடுமுரடான இயந்திரமாக நிற்காமல் கூட்டத்தோடு கலக்கிறது. அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சன் 1980-களின் தொடக்கத்தில் வோக்கோடரை ஒரு கதைசொல்லியின் குரலாக மாற்றியது இந்த மென்மையை நம்பித்தான்.

தமிழில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் நெடில்கள் இதில் அருமையாக வரும்: ஆ, ஓ, ஏ, ஐ எல்லாம் முகடுகளின் இடத்தால் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக வேறுபட்டு நிற்பவை. இரட்டிக்கும் வல்லினங்களும் நன்றாக வரும். 'பக்கம்', 'தப்பு', 'வட்டம்' என்று சொல்லும்போது நடுவில் விழும் சிறு மௌனத்தில் 10 கதவுகளும் ஒன்றாக மூடித் திறக்கும். தாளம் தானாகக் கிடைக்கும். சிக்கல் ழ, ள, ல மூன்றிலும். 'ழ' சொல்லும்போது நாக்கு மடிவதால் குரலின் மூன்றாம் முகடு கீழே இறங்கி இரண்டாவதை நெருங்கும். அந்த நுட்பமான நெருக்கத்தை அகலமான பேண்டு தனியாகப் பிரித்துக் காட்டாது. 'மழை'யும் 'மலை'யும் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். ந, ன, ண வித்தியாசமும் மங்கும். ஸ, ஷ, ச ஆகியவை இன்னொரு வகையில் பாதிக்கப்படும்: அவற்றின் பலம் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் குவிந்திருக்கிறது, கீபோர்டின் நாதத்தில் அந்த உயரத்தில் சரக்கு குறைவு. கதவு திறந்தாலும் உள்ளே இருந்து வர ஒன்றுமில்லை. வழி என்னவென்றால், மைக்கின் நேரடி ஒலியை மிகச் சிறிதளவு கலந்துகொள்வது, அல்லது தனி டிராக்கில் பதிந்த சொந்தக் குரலை 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் வெட்டிவிட்டு அந்தச் சீறலை மட்டும் பின்னால் ஒட்டுவது. கேட்பவர் சொல்லைப் பிடித்துக்கொள்ள அது போதும்.

மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். மேடைகளில் சாதாரணமாகக் காணும் ஷூர் எஸ்எம்58 போதுமானது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் இதில் வராது. தவிர அது அறையின் ஓசையையும் அள்ளிவந்து கதவுகளை அரைகுறையாகத் திறந்துவைக்கும். உதட்டிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர், அதற்கு மேல் விலகக் கூடாது. மைக் அளவை எப்படிச் சரிசெய்வது: முதலில் ஒரு கார்டைப் (சேர்ந்தொலிக்கும் சில சுரங்களை) பிடியுங்கள், பிறகு அளவைச் சுழியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே 'ஆ' சொல்லுங்கள். நாதம் நிறைந்து, மேற்கொண்டு ஏற்றினால் கரகரப்பு வரும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். மைக்குக்கும் கருவிக்கும் நடுவில் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஒரு கம்ப்ரெசர், 4:1 விகிதத்தில், வைத்தால் சொற்களின் கடைசி அசைகள் விழுங்கப்படாது. முதன்முறை வாசிப்பவர் செய்யும் பிழை ஒன்றுதான்: பேசிவிட்டுப் பிறகு கட்டையை அழுத்துவது. கட்டை அசைக்கு முன்னால் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மெய்யெழுத்து காற்றோடு போய்விடும்.

வெளிச் சிந்தசைசரை உள்ளே கொடுத்து அதைப் பேசவைக்கவும் ஒரு உள்ளீடு உண்டு. பலர் இதைத் தொடுவதே இல்லை. மேல்சுரங்கள் நிறைந்த பிரகாசமான ரம்பப்பல் அலையோடு சிறிது இரைச்சலையும் கலந்து அனுப்பினால் மேலே சொன்ன 'ஸ' பிரச்சினை பெருமளவு தீரும்.

ஸ்ட்ரிங்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல, சற்று மெலிந்த, பளபளப்பான ஒலி. சொலினா போன்ற 1970-களின் ஸ்ட்ரிங் கருவிகளின் தடிப்பு இதில் இல்லை. தனியாக வாசித்தால் சுமார். குரலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் இடம் தெரியும். அதற்காகவே அளந்து செய்ததுபோல் இருக்கும்.

இனி வாங்கும் விஷயம். 45 வருடம் தாண்டிய கருவி. விற்பவர் ஒரு கார்டு வாசித்துக் காட்டினால் திருப்தியாகிவிடாதீர்கள். 49 கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மூன்று பிரிவிலும் தனித்தனியாக அழுத்துங்கள். ஒலி பிறக்கும் முறை தெரிந்தவருக்கு, எது ஊமையாக இருக்கிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஒரே ஒரு கட்டை மட்டும் பேசவில்லையா? பெரும்பாலும் அதன் கீழுள்ள காண்டாக்டில் துரு அல்லது அழுக்கு. அரைமணி நேர வேலை. ஒரு சுரம், உதாரணமாக 'எஃப்', மேல் ஸ்தாயியில் சரியாக வந்து குறிப்பிட்ட ஸ்தாயிக்குக் கீழே மொத்தமாக இல்லையா? இரண்டால் வகுக்கும் சிப் போயிருக்கிறது, மாற்றலாம். ஒரே சுரம் எல்லா ஸ்தாயியிலும் இல்லையா? தலைமைச் சிப்பின் ஒரு கால், அல்லது அந்தச் சிப்பே. இது கவலைக்குரியது. இப்படிப்பட்ட சிப்புகளின் தயாரிப்பு நின்று நெடுங்காலமாகிறது. பழைய கையிருப்போ சிறு தயாரிப்பாளர்களின் மாற்றுப் பலகையோ தேட வேண்டியிருக்கும். எல்லாச் சுரமும் சேர்ந்து சுருதி அலைந்தால் அது தலைமைக் கடிகாரச் சுற்று அல்லது அதற்கு வரும் மின்னழுத்தம். விலை பேசும்போது இந்த நான்கையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வோக்கோடரின் பேண்டுகளைச் சோதிக்க ஒரு கைபேசி போதும். அதில் சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) எழுப்பும் செயலியை வைத்து ஸ்பீக்கரை மைக்கின் வாயில் பிடியுங்கள். கீபோர்டின் அடிக்கட்டைகளில் நான்கைந்தைச் சேர்த்து அழுத்துங்கள். அடிச்சுரங்களில் மேல்சுரங்கள் நிறைய இருப்பதால் எல்லாப் பேண்டுக்கும் சரக்கு கிடைக்கும். அதிர்வெண்ணை மெல்ல 200-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு பேண்டாகக் கதவு திறந்து, ஒலியின் நிறம் படிப்படியாக மாறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓட்டை விழுந்தால் அந்தப் பேண்டு இறந்துவிட்டது. அடுத்து மைக் அளவைச் சுழியமாக்கி அதே கட்டைகளைப் பிடியுங்கள். வோக்கோடரிலிருந்து ஒன்றும் வரக்கூடாது. மெல்லிய ஊளையோ ரீங்காரமோ கசிந்தால் ஏதோ ஒரு கதவு முழுவதும் மூடவில்லை. சில நேரம் உள்ளே ட்ரிம்மரை (அளவைச் சரிசெய்யும் சிறு திருகை) திருப்பினால் சரியாகும், சில நேரம் சிப் மாற்ற வேண்டும்.

என்செம்பிளில் கேட்க வேண்டியது இரைச்சலும் கரகரப்பும். கொஞ்சம் 'ஸ்ஸ்' இருப்பது பிபிடியின் பிறவிக்குணம். அதை ஒழிக்க முயல வேண்டாம். கார்டைப் பலமாக்கும்போது ஒலி கிழிந்தால் பிபிடியின் பயாஸ் (அதன் அடிப்படை இயங்கு மின்னழுத்தம்) விலகியிருக்கிறது. அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்து, அலையின் மேலும் கீழும் ஒரே நேரத்தில் வெட்டுப்படும் இடத்தில் ட்ரிம்மரை நிறுத்த வேண்டும். காதால் மட்டும் செய்ய முயன்றால் ஒரு வரி சரியாகி இன்னொன்று கெடும். ஸ்டீரியோவின் ஒரு பக்கம் அசையாமல் நின்றால் ஒரு தாமத வரி செத்திருக்கிறது. ஒற்றை வெளியீட்டில் கேட்டால் இது தெரியவே தெரியாது.

ஸ்லைடர்கள் கரகரத்தால் உடனே கிடைக்கிற ஸ்பிரேயை எல்லாம் அடிக்காதீர்கள். துருநீக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே கார்பன் தடத்தில் பிசினாகி, ஒரு வருடத்தில் முன்னைவிட மோசமாகும். எச்சமில்லாத காண்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு விட்டு, 20 அல்லது 30 முறை மேலும் கீழும் நகர்த்தி, காய்ந்தபின் ஃபேடர் மசகைத் தொட்டுவிடுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றிவிடுவது நல்லது. 'உம்' என்ற இரைச்சல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவை கெட்டால் பின்னால் இருக்கும் கிடைக்காத சிப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும். மூடியைத் திறந்தால் மின்பகுதி வெளியே தெரியும். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடமாவது விட்டுத்தான் கைவைக்க வேண்டும். இந்த மாடல் இரண்டு பதிப்பாக வந்தது. சுவிட்சுகளின் தோற்றமும் உள்சுற்றும் மாறும். சர்வீஸ் குறிப்பை எடுக்கும்போது உங்கள் பதிப்புக்குரியதுதானா என்று பாருங்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வரும் கருவி 100 வோல்ட். இந்தியா, இலங்கை, மலேசியாவின் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் அன்றே கதை முடியும். 230-லிருந்து 100-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அமெரிக்காவுக்கான 110 வோல்ட் இறக்கி கடைகளில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது இதற்குச் சரியானதல்ல. கருவி வேலை செய்யும், உள்ளே ரெகுலேட்டர் தேவையில்லாமல் சூடாகும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இவ்வளவு பராமரிப்புக்குக் கைவராதவர்களுக்கு இரண்டு வழிகள். 2016-ல் ரோலண்டே விபி-03 என்ற கைக்கடக்கமான பதிப்பை, வளையும் மைக்கோடு வெளியிட்டது. முழுவதும் டிஜிட்டல், மிடி உண்டு. வோக்கோடர் ருசி பார்க்க ஏற்றது. கோரஸ் நெருக்கமாக வந்திருந்தாலும் அந்த அசைவின் ஆழம் வரவில்லை. 2019-ல் வந்த பெரிங்கர் விசி340 வேறு ரகம்: அனலாக் சுற்று, பிபிடி என்செம்பிள், அதே மூன்று பிரிவுகள், கூடவே மிடியும் யுஎஸ்பியும். பதிவில் கலந்துவிட்டால் மூலக் கருவியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். குறை, கட்டைகள் 37 மட்டுமே. கீழ்ப்பாதியில் ஆண்குரலும் மேல்பாதியில் வோக்கோடரும் வைத்து இரண்டு கையாலும் வாசிக்க இடம் போதாது. பெரிய மிடி கீபோர்டு ஒன்றை இணைத்துப் பாருங்கள். மூலக் கருவிக்கு ஆகும் செலவில் சிறு பங்கோடு வேலை முடியலாம்.